கர்ப்பப்பைத் தசைக் கட்டி: சாதாரணமானதா, புற்றுநோயா? புரதக் குறிப்பான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பப்பையிலிருந்து அகற்றிய தசைக் கட்டியின் பரிசோதனை அறிக்கையில் சில சமயம் பி16, பி53, கேஐ-67 என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு பத்தி இருக்கும். கட்டியின் தன்மையை அறிய அதன் செல்களில் தேடிப் பார்க்கும் புரதங்களின் பெயர்கள் இவை. இவற்றைத்தான் புரதக் குறிப்பான்கள் என்கிறோம். அதில் ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் பெண்கள் உண்டு. அந்தப் பத்தியை எப்படிப் படிப்பது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைச் சொல்லவே இந்தக் கேள்வி பதில்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே நோயை முடிவு செய்துகொள்ள வேண்டாம். மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவினால் போதும்.

ஃபைப்ராய்டு, லியோமயோமா, லியோமயோசார்கோமா: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

ஃபைப்ராய்டு என்று எல்லோரும் சொல்வதைத்தான் மருத்துவ அறிக்கை லியோமயோமா என்று எழுதுகிறது. கர்ப்பப்பைச் சுவரின் மென்தசைச் செல்களிலிருந்து வளரும் சாதாரணக் கட்டி அது. ஐம்பது வயதை எட்டும்போது பெண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றாவது இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

லியோமயோசார்கோமா அதே வகைத் தசைச் செல்லின் தன்மை கொண்ட புற்றுநோய். மிக அரிதானது. கர்ப்பப்பையில் வரும் புற்றுநோய்களிலேயே நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இந்த வகை. ஆனால் வந்துவிட்டால் கடுமையானது. ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குப் பரவும் இயல்புடையது. பரவலான ஒரு சாதாரணக் கட்டியும் அரிதான ஒரு கடுமையான புற்றுநோயும் ஒரே இடத்தில், ஒரே தோற்றத்தில் வருவதுதான் இந்தத் துறையின் பெரிய சிக்கல்.

ஃபைப்ராய்டு நாளடைவில் புற்றுநோயாக மாறுமா?

பெரும்பாலும் இல்லை. லியோமயோசார்கோமா பொதுவாகத் தனியே, புதிதாகத் தோன்றுகிறது. சாதாரணக் கட்டிக்குள்ளிருந்து எழுந்ததாகத் தெரியும் நேர்வுகள் பதிவாகியுள்ளன, ஆனால் மிகச் சொற்பம். ‘விட்டுவைத்தால் புற்றுநோயாகிவிடும்’ என்ற பயத்தால் மட்டும் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டியதில்லை.

கட்டி வேகமாக வளர்கிறதே, அது புற்றுநோயின் அறிகுறிதானே?

நெடுங்காலம் மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். 1994இல் பார்க்கர், ஃபூ, பெரெக் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஃபைப்ராய்டு என்று கருதி அறுவை சிகிச்சை செய்யப்பட்ட 1,332 பெண்களில் 371 பேருக்குக் கட்டி வேகமாக வளர்ந்திருந்தது. அந்த 371 பேரில் ஒருவருக்குத்தான் சார்கோமா இருந்தது. எனவே மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு வேகமான வளர்ச்சி மட்டுமே பெரிய சான்று ஆகாது.

மாதவிடாய் நின்ற பிறகு, ஹார்மோன் சிகிச்சையும் எடுக்காத நிலையில், புதிதாகக் கட்டி தோன்றினாலோ இருந்த கட்டி பெரிதானாலோ கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் ஃபைப்ராய்டு சுருங்க வேண்டும். அது வளர்கிறது என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ள முடியாதா?

உறுதியாகச் சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. எல்டிஎச் என்ற நொதி லியோமயோசார்கோமாவில் கூடலாம். அதைக் குறிப்பாக எம்.ஆர்.ஐ. ஸ்கேனுடன் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். ஆனால் சிதைந்துகொண்டிருக்கும் சாதாரண ஃபைப்ராய்டிலும், ரத்த மாதிரி சரியாகக் கையாளப்படாமல் சிவப்பணுக்கள் உடைந்தாலும்கூட எல்டிஎச் உயரும். சிஏ-125 என்ற ரத்தக் குறிப்பான் இந்தக் கேள்விக்கு இன்னும் பலவீனமானது. எண்டோமெட்ரியோசிஸ், சாதாரண ஃபைப்ராய்டு இரண்டிலுமே அது உயரக்கூடும்.

உட்சுவரைச் சுரண்டி எடுக்கும் பயாப்சியும் தவறவிடலாம், ஏனெனில் இந்தக் கட்டி தசைக்குள் ஆழத்தில் இருக்கிறது. ஆக, உறுதியான பதில் பெரும்பாலும் கட்டியை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் பார்த்த பிறகே கிடைக்கிறது.

மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். புரதக் குறிப்பான்கள் எல்லாமே இதற்குத் துணை நிற்பவை.

1994இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பெல், கெம்ப்சன், ஹெண்ட்ரிக்சன் ஆகியோர் சிக்கலான 213 கட்டிகளை ஆராய்ந்து, மூன்று அம்சங்களை முன்வைத்தார்கள். செல்கருக்கள் எந்த அளவுக்கு உருக்குலைந்துள்ளன என்பது ஒன்று. எத்தனை செல்கள் பிளவுபடும் நிலையில் உள்ளன என்பது இன்னொன்று. உயர் உருப்பெருக்கத்தில் பத்துப் புலங்களை எண்ணி, பத்து அல்லது அதற்கு மேல் இருந்தால் அது எச்சரிக்கை. மூன்றாவது, கட்டிச் செல்கள் தாமாகவே மடிந்துபோன பகுதி. இரு முனையும் கூர்ந்த நீண்ட செல்கள் (கதிர்வடிவச் செல்கள்) கொண்ட வழக்கமான கட்டியில் இவற்றுள் இரண்டு அமைந்தால் பொதுவாக லியோமயோசார்கோமா என்று முடிவாகிறது. எபிதீலியாய்டு, மிக்சாய்டு என்ற அரிய வகைகளுக்கு எண்ணிக்கை வரம்பு இன்னும் குறைவு.

மூன்றாவது அம்சத்தில்தான் அனுபவம் தேவைப்படுகிறது. புற்றுநோயில் காணும் செல்மடிவில், உயிருள்ள செல்களும் இறந்த செல்களும் கத்தியால் கீறியது போன்ற எல்லைக்கோட்டில் சந்திக்கின்றன. இறந்த பக்கத்தில் செல்கருக்களின் நிழல்கள் அப்படியே தெரியும். ரத்தக் குழாய்களைச் சுற்றி மட்டும் உயிருள்ள செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண ஃபைப்ராய்டிலும் ரத்த ஓட்டம் நின்று செல்கள் மடிவதுண்டு. அங்கே உயிருள்ள பகுதிக்கும் இறந்த பகுதிக்கும் நடுவே இளஞ்சிவப்பான நார்ப்படலமோ ஆறிவரும் திசுவோ ஒரு பட்டையாக இருக்கும். மடிவு புதிதாக நிகழ்ந்திருந்தால் அந்தப் பட்டை இன்னும் உருவாகியிருக்காது. அப்போது தேர்ந்த கண்களும் தடுமாறும்.

ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் டிரானெக்சாமிக் அமிலம், கட்டியைச் சுருக்கும் ஹார்மோன் ஊசி, ரத்தக் குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் ஆகியவையெல்லாம் சாதாரணக் கட்டியில் இப்படிப்பட்ட மடிவை உண்டாக்கலாம். அறுவைக்கு முன் என்ன மருந்து எடுத்தீர்கள் என்ற தகவல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அது கோரிக்கைப் படிவத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

பிறகு புரதக் குறிப்பான்கள் எதற்கு?

பெரும்பாலான ஃபைப்ராய்டுகளுக்கு அவை தேவையே இல்லை. வழக்கமான சாயத்தில் பார்த்த உடனே தெரிந்துவிடும். மூன்று அம்சங்களில் ஒன்று மட்டும் இருக்கிறது, அல்லது ஓர் அம்சம் இருக்கிறதா இல்லையா என்று தெளிவில்லை என்ற இடைப்பட்ட கட்டிகளுக்கே குறிப்பான்கள் கைகொடுக்கின்றன. உங்கள் அறிக்கையில் குறிப்பான்கள் எதுவும் இல்லையென்றால், பரிசோதனை அரைகுறையாக நடந்தது என்று பொருளில்லை. பெரும்பாலும் அது நல்ல செய்தி.

இந்தப் பரிசோதனையை எப்படிச் செய்கிறார்கள்?

அகற்றிய கட்டியை ஃபார்மலினில் பதப்படுத்தி, அதன் துண்டுகளை மெழுகில் பதித்து பிளாக் செய்வார்கள். பிளாக்கிலிருந்து சுமார் நான்கு மைக்ரான் தடிப்பில் சீவல் எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவார்கள். தேடும் புரதத்தோடு மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை அதன்மேல் விடுவார்கள். ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகும், மற்ற செல்கருக்கள் நீலமாகத் தெரியும். இதுதான் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, சுருக்கமாக ஐ.எச்.சி.

பெரிய கட்டியை வெட்டாமல் முழுதாக ஃபார்மலினில் போட்டுவிட்டால் திரவம் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். உள்ளே புரதங்கள் சிதைந்து, சாயம் ஏறாமல் போகும். இருக்கும் புரதமும் இல்லாதது போலத் தோன்றும். அதனால் நல்ல ஆய்வகம், அதே ஸ்லைடில் உள்ள இயல்பான செல்களில் சாயம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளும்.

‘டெஸ்மின் பாசிட்டிவ், எஸ்எம்ஏ பாசிட்டிவ், கால்டெஸ்மான் பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. மூன்றும் பாசிட்டிவ் என்றால் ஆபத்தா?

ஆபத்தில்லை. இந்த மூன்றும் ‘இது மென்தசைக் கட்டி’ என்பதை மட்டும் சொல்கின்றன. சாதாரணக் கட்டியிலும் இவை பாசிட்டிவாகவே இருக்கும். புற்றுநோயா என்ற கேள்விக்கு இவற்றிடம் பதில் இல்லை.

கட்டி மென்தசையிலிருந்துதான் வந்ததா என்ற சந்தேகம் எழும்போது இவற்றுடன் வேறு சிலவற்றையும் சேர்ப்பார்கள். கர்ப்பப்பையின் உட்படலமான எண்டோமெட்ரியத்தின் தாங்குதிசுவில் (ஸ்ட்ரோமா) தோன்றும் கட்டியா என்று பார்க்க சிடி10, பீகோமா என்ற அரிய கட்டியா என்று பார்க்க எச்எம்பி-45, அழற்சி மயோஃபைப்ரோபிளாஸ்ட் கட்டியா என்று பார்க்க ஏஎல்கே. கடைசியில் சொன்னதைத் தவறவிடக் கூடாது. அதற்கெனத் தனி மருந்து இருக்கிறது.

கேஐ-67 சதவீதம் எவ்வளவு இருந்தால் புற்றுநோய்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட வெட்டு எண் எதுவும் கிடையாது.

1983இல் ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வாளர்கள் அறிவித்த ஆன்டிபாடி கண்டுபிடிக்கும் புரதம் இது. செல் பிளவுச் சுழற்சியில் இருக்கும்போது கருவுக்குள் தோன்றுகிறது, ஓய்வு நிலையில் மறைந்துவிடுகிறது. லியோமயோசார்கோமாவில் பொதுவாக அதிகம், சாதாரணக் கட்டியில் பொதுவாகக் குறைவு. நடுவில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன. மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியிலும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து எடுக்கும்போதும் சாதாரண ஃபைப்ராய்டின் செல்களும் சுறுசுறுப்பாகப் பிளவுபடலாம். எண்ணும் இடத்தைப் பொறுத்தும் சதவீதம் மாறும். அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இணையத்தில் தேடுவது வீண் வேதனை.

இதன் துணைக்குப் பாஸ்போ-ஹிஸ்டோன் எச்3 என்ற குறிப்பானும் பயன்படுகிறது. சுருங்கிக் கறுத்து மடியும் செல்கருவும் பிளவுபடும் செல்கருவும் சாதாரணச் சாயத்தில் ஒன்றுபோல் தோன்றிக் குழப்பும்போது, உண்மையில் பிளவுபடுவதை இது பழுப்பாக எடுத்துக் காட்டும்.

பி53 பற்றி?

நான் மதிக்கும் குறிப்பான் இது. ஆனால் இதைப்போலத் தவறாகப் படிக்கப்படுவதும் வேறில்லை.

பி53 சேதமடைந்த செல்லைப் பிளவுபடாமல் தடுக்கும் காவல் புரதம். இயல்பான செல்லில் அது உருவாகி விரைவில் அழிக்கப்படுவதால், ஸ்லைடில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒரு கரு அழுத்தமாகவும் அடுத்தது மங்கலாகவும் தெரியும். அது இயல்பு நிலை. இதையும் சில அறிக்கைகள் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடுகின்றன. படிப்பவருக்கு நெஞ்சு அடைத்துப்போகிறது.

மரபணு மாற்றம் அடைந்த பி53 இரண்டு விதமாகக் காட்டிக்கொள்ளும். அழிக்கப்படாமல் தேங்கி, ஏறக்குறைய எல்லாச் செல்கருக்களும் அழுத்தமான பழுப்பாக இருக்கும். அல்லது புரதமே உருவாகாமல் கட்டி முழுதும் வெறிச்சென்று நீலமாக இருக்கும். பக்கத்து ரத்தக் குழாய்ச் செல்களில் மட்டும் இயல்பான சாயம் தெரியும். ஆகவே முழுமையாக ‘நெகட்டிவ்’ என்பதும் இங்கே கெட்ட செய்தியாக இருக்கலாம். லியோமயோசார்கோமாவில், இந்தப் புரதத்துக்கான டிபி53 மரபணுவில் மாற்றம் மிகவும் அடிக்கடி காணப்படுகிறது. அறிக்கையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் இருந்தால், ‘இது இயல்பு வகையா, மாற்றமடைந்த வகையா?’ என்று கேளுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. விசித்திரக் கரு லியோமயோமா என்ற சாதாரணக் கட்டி வகையிலும் சில நேரம் பி53 மாற்றம் இருக்கும். செல்கருக்களின் தோற்றம் பயமுறுத்தும், பிளவுபடுதல் குறைவாக இருக்கும், செல்மடிவு இருக்காது. பி53ஐ மட்டும் பார்த்து அதைப் புற்றுநோய் என்று எழுதிவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பெரிய அநீதி.

பி16 கூட பிளவைத் தடுக்கும் புரதம்தானே? அது அதிகமாக இருந்தால் எப்படிக் கெட்டது?

நல்ல கேள்வி. பி16 செல் பிளவுக்குப் போடும் பிரேக். ஆனால் அது ஆர்பி என்ற இன்னொரு புரதத்தின் வழியாகவே வேலை செய்கிறது. ஆர்பி கெட்டுப்போனால் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. செல் இன்னும் இன்னும் பி16ஐ உருவாக்கிக்கொண்டே இருக்கும். லியோமயோசார்கோமாவில் ஆர்பி சேதம் அடிக்கடி நடப்பதால், பி16 கட்டி முழுதும் அழுத்தமாகப் பரவித் தெரிகிறது. சாதாரணக் கட்டியில் பெரும்பாலும் திட்டுத்திட்டாக இருக்கும் அல்லது இருக்காது.

விசித்திரக் கரு வகை இங்கேயும் விதிவிலக்கு. அதில் பி16 பரவலாகவே இருக்கலாம். ரத்த ஓட்டம் நின்று மடிந்த பகுதியின் ஓரத்திலும் அது தூக்கலாகத் தெரியும்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள்?

ஹார்மோன் வந்து பற்றிக்கொள்ளும் செல் புரதங்கள்தான் ஏற்பிகள். சாதாரணக் கட்டியில் இவை பெரும்பாலும் இருக்கும். லியோமயோசார்கோமாவில் குறையும், ஆனால் கணிசமான கட்டிகளில் இருக்கத்தான் செய்கின்றன. நோயைப் பிரித்தறிய இவற்றை நம்ப முடியாது. புற்றுநோய் உறுதியான பிறகு, ஹார்மோனைத் தடுக்கும் மருந்து பயன்படுமா என்று முடிவு செய்ய உதவும்.

‘எஃப்எச் இழப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் என்பது செல்லின் ஆற்றல் உற்பத்திச் சுழற்சியில் வேலை செய்யும் ஒரு நொதி. சில லியோமயோமாக்களில் அது முற்றிலும் இல்லாமல் போகிறது. கட்டி சாதாரணமானதுதான். மான்கொம்பு போல் கிளைக்கும் ரத்தக் குழாய்களும், சுற்றிலும் வெள்ளை வளையம் கொண்ட சிவந்த நுண்கருக்களும் மைக்ராஸ்கோப்பில் துப்பு கொடுக்கும். நொதி இல்லாததால் தேங்கும் ஃபியூமரேட் மற்றப் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால், 2எஸ்சி என்ற இன்னொரு சாயத்திலும் அதைப் பிடிக்கலாம்.

கட்டி சாதாரணமாக இருந்தும் இந்தக் குறிப்பானை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் சிறுநீரகம். எஃப்எச் இழந்த கட்டிகளில் பெரும்பாலானவை கட்டிக்குள் மட்டும் நிகழ்ந்த மாற்றம்தான். ஆனால் ஒரு பகுதிப் பெண்களுக்கு அந்த மாற்றம் பிறவியிலேயே உடல் முழுதும் இருக்கிறது. அவர்களுக்குத் தோலில் சிறு தசைக் கட்டிகளும், மிகக் கடுமையான ஒரு வகைச் சிறுநீரகப் புற்றுநோயும் வரக்கூடும். அது பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் போக ஐம்பது சதவீத வாய்ப்பு. இளம் வயதிலேயே பல ஃபைப்ராய்டுகள், குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய், தோலில் வலிக்கும் முடிச்சுகள் இருந்தால், மரபணு ஆலோசகரைப் பார்த்தே ஆக வேண்டும். முறையான ஸ்கேன் கண்காணிப்பு, சிறுநீரகப் புற்றுநோயைச் சிறிதாக இருக்கும்போதே பிடித்து உயிரைக் காப்பாற்றலாம். ஃபைப்ராய்டுக்கு வந்த பெண்ணுக்கும் அவள் குடும்பத்துக்கும் அந்த வாய்ப்பைத் தருவது ஒரு பழுப்புச் சாயம்.

எல்எம்பி2 என்ற புரதம் பற்றிப் படித்தேன். அதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாமா?

எல்எம்பி2, செல்லுக்குள் புரதங்களைத் துண்டாக்கி நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்ட உதவும் இம்யூனோபுரோட்டியசோமின் ஓர் அங்கம். நோய் எதிர்ப்புச் செல்கள் அனுப்பும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதம் சொன்னால் கூடுதலாக உருவாகும். இந்த மரபணு நீக்கப்பட்ட பெண் எலிகளுக்குத் தானாகவே கர்ப்பப்பைக் கட்டிகள் வருவதை ஹயாஷியும் ஃபாஸ்ட்மேனும் 2002இல் தெரிவித்தார்கள். பின்னர் மனித லியோமயோசார்கோமாவிலும் இந்தப் புரதம் குறைந்திருப்பதாக ஹயாஷியின் குழு காட்டியது. எலியில் தொடங்கி மனிதத் திசு வரை வந்த அருமையான ஆராய்ச்சித் தடம் இது. ஆனால் வழக்கமான ஆய்வகங்களில் நோயைத் தீர்மானிக்கப் பயன்படும் நிலைக்கு இது வரவில்லை.

ஸ்டாத்மின், ஐஎம்பி3 போன்ற வேறு புரதங்களும் ஆராயப்பட்டன. ஸ்டாத்மின் பெரும்பாலான லியோமயோசார்கோமாவில் இருக்கிறது. சாதாரணக் கட்டிகள் பலவற்றிலும் இருக்கிறது. அதுவே அதன் பலவீனம். ஏடிஆர்எக்ஸ் புரதம் இல்லாமல் போவது மேலும் நம்பிக்கைக்குரிய எச்சரிக்கை, எல்லா லியோமயோசார்கோமாவிலும் அது நடப்பதில்லை என்றாலும்.

மரபணுப் பரிசோதனை செய்தால் ஒரேயடியாகத் தெரிந்துவிடுமே?

உதவும், ஒரேயடியாக முடியாது. சுமார் எழுபது சதவீத ஃபைப்ராய்டுகளில் மெட்12 மரபணுவில் மாற்றம் இருப்பதை 2011இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அப்போது இது சாதாரணக் கட்டியின் அடையாளம் என்று தோன்றியது. பிறகு லியோமயோசார்கோமா சிலவற்றிலும் அதே மாற்றம் கண்டறியப்பட்டது. டிபி53, ஆர்பி1 (ஆர்பி புரதத்துக்கான மரபணு), ஏடிஆர்எக்ஸ் ஆகிய மரபணுக்களின் சேதங்களும் குரோமோசோம்களின் பெருங்குழப்பமும் சேர்ந்து இருந்தால் புற்றுநோயின் பக்கம் எடை கூடும்.

‘ஸ்டம்ப்’ என்று எழுதியிருக்கிறார்கள். மருத்துவருக்கே தெரியவில்லையா?

புற்றுநோய்த் தன்மை உறுதியாகாத மென்தசைக் கட்டி என்பதன் சுருக்கம் அது. சாதாரணம் என்று விட்டுவிடவும் முடியாது, லியோமயோசார்கோமா என்று சொல்லவும் சான்று போதாது என்ற நிலையில் எழுதப்படும் நேர்மையான முடிவு. இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை திரும்புவதில்லை. திரும்பும் சிறுபான்மை, சில சமயம் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பும். பி16, பி53 இரண்டுமே மாறுபட்டிருந்தால் கண்காணிப்பை நெருக்கமாக்குவது நியாயம் என்பது என் கருத்து. தொடர் பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

கருவியால் கட்டியைத் துண்டாக்கி எடுப்பது ஏன் சர்ச்சைக்குரியது?

லேப்ராஸ்கோப்பியில் பெரிய கட்டியைச் சிறு துளை வழியாக எடுக்க, சுழலும் கத்தி கொண்ட மார்செலேட்டர் பயன்படுகிறது. உள்ளே தெரியாத சார்கோமா இருந்தால் அது வயிறெங்கும் சிதறிவிடும். 2014 ஏப்ரலில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏ இதற்கு எதிராக எச்சரித்தது. ஃபைப்ராய்டுக்காக அறுவை செய்யப்படும் சுமார் 350 பெண்களில் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா இருக்கலாம் என்று அது கணித்தது. வேறு சில கணிப்புகள் இதைவிடக் குறைவு. 2020இல் எஃப்டிஏ, திசு சிதறாமல் தடுக்கும் பைக்குள் வைத்து, தகுந்த பெண்களுக்கு மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்றது.

குறிப்பான்களுக்கும் இது கேடு. துண்டுகளான கட்டியில் ஓரம் எது, நடு எது என்று தெரியாது. செல்மடிவின் எல்லை அறுபட்டுப்போகும். அறுவைக்கு முன்பே, ‘கட்டியை எப்படி வெளியே எடுப்பீர்கள்?’ என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இரண்டாவது கருத்து கேட்க வேண்டுமானால் என்ன கொண்டுபோக வேண்டும்?

அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். பிளாக் இருந்தால்தான் புதிய சீவல் எடுத்து வேறு குறிப்பான்களைச் செய்ய முடியும். ஸ்கேன் அறிக்கை, அறுவைக் குறிப்பு, அறுவைக்கு முன் எடுத்த மருந்துகளின் பட்டியல், கடைசி மாதவிடாய்த் தேதி ஆகியவற்றையும் சேர்த்து, பெண்களின் இனப்பெருக்க உறுப்புக் கட்டிகளில் அனுபவமுள்ள நோய்க்குறியியல் மருத்துவரிடம் கொடுங்கள். கட்டியிலிருந்து மொத்தம் எத்தனை பிளாக் எடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். சந்தேகத்துக்குரிய கட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு பிளாக்காவது வேண்டும். பத்து சென்டிமீட்டர் கட்டிக்கு இரண்டே பிளாக் என்றால், குறிப்பான்களைக் கூட்டுவதற்கு முன் ஆய்வகத்தில் மிச்சமிருக்கும் திசுவிலிருந்து மேலும் பிளாக் எடுக்கச் சொல்வதே முதல் வேலை. அந்தத் திசுவைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அப்புறப்படுத்திவிடுவார்கள் என்பதால், அறிக்கை வந்த வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.